தூரத்தில் இருப்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்

தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

மக்களவையில் நீங்கள் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர். ஐம்பத்தேழு பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். கட்சி பார்த்துப் பிரித்து எழுதவில்லை. நான் கேட்கப்போகும் காரியத்தில் ஒரு கட்சி மட்டும் கைவைத்தால் அது அன்றைக்கே செத்துப்போகும். பாகிஸ்தானோடு தூதரக உறவையும் வணிகத்தையும் படிப்படியாக மறுபடி தொடங்க வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குள் நீங்கள் பேச வேண்டும். விஷயம் அவ்வளவுதான். இந்த வரியைப் படித்ததும் உங்களில் பலருக்கு முகம் சுளிக்கும். உதவியாளர், "இது நமக்கு எதுக்குங்க சார்" என்று காகிதத்தை ஓரமாக வைக்கப் பார்ப்பார். வைக்க விடாதீர்கள். நான் தூதரகத்தில் வேலை பார்த்தவன் இல்லை, ஏற்றுமதி வியாபாரியும் இல்லை. உங்களுக்கு வாக்களித்தவர்களில் ஒருவன்.

உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சாப் உறுப்பினர் ஒருவர் எழுந்து பாகிஸ்தான் எல்லையில் உள்ள அட்டாரி வாசலைத் திறங்கள் என்றால், அவருடைய தொகுதி லாபத்துக்காகப் பேசுகிறார் என்பார்கள். காஷ்மீர் உறுப்பினர் பேசினால் வேறு சந்தேகம் வரும். இந்தி பேசும் மாநிலங்களில் இந்தப் பேச்சை எடுத்தவருக்கு அடுத்த தேர்தல் நினைவுக்கு வந்துவிடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அட்டாரியிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறீர்கள். பாகிஸ்தானைத் திட்டி ஓட்டுக் கேட்டு ஒருவர் விருதுநகரிலோ வேலூரிலோ ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை. சொல்வதால் அதிகம் இழக்காதவர் யாரோ அவர்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த வகையில் இந்த நாட்டில் உங்களைவிடத் தோதானவர்கள் இல்லை.

தூரத்தில் இருப்பதால் நம்மை ஒன்றும் தொடவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மாண்ட 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் இருவர் நம்மவர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், இன்னொருவர் அரியலூர் மாவட்டம். அந்த இரண்டு வீடுகளின் வாசலில் நின்று இதைச் சொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். சொல்ல முடியாத வாதம் என்றால் அதை நாடாளுமன்றத்திலும் வைக்கக் கூடாது. ஆகவே அந்த வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

புல்வாமா நடந்த மறுநாளே பாகிஸ்தானுக்கு 1996இல் கொடுத்த வணிகச் சலுகைத் தகுதியை இந்தியா திரும்பப் பெற்றது. அதற்கு அடுத்த நாள் அங்கிருந்து வரும் பொருள்கள் மீது 200 சதவீத வரி விதித்தது. ஏப்ரலில் காஷ்மீருக்குள் உரி, பூஞ்ச் வழியாக 2008இலிருந்து நடந்துவந்த பண்டமாற்று வணிகமும் நின்றது. ஆகஸ்டில் 370ஆவது பிரிவு நீக்கப்பட்டதும் பாகிஸ்தான் தன் பங்குக்கு நம் தூதரை வெளியேற்றி, வணிகத்தை முழுதாக அறுத்தது. சம்ஜௌதா ரயில் நின்றது, தில்லி–லாகூர் பேருந்து நின்றது. அன்றிலிருந்து தில்லியிலும் இஸ்லாமாபாதிலும் முழுநிலைத் தூதர் இல்லை. பொறுப்பு அதிகாரிகளை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். 2020இல் தூதரக ஊழியர் எண்ணிக்கையைப் பாதியாக்கி 55 ஆக்கினார்கள். 2025இல் அதையும் 30 ஆக்கினார்கள்.

அப்படியானால் ஏறக்குறைய ஆறு வருடம் வழக்கமான வணிகம் இல்லை, தூதர் இல்லை, ரயில் இல்லை, பேருந்து இல்லை. இந்தத் தண்டனை பலித்திருந்தால் 2025 ஏப்ரல் 22 வந்திருக்கவே கூடாது. வந்தது. பஹல்காமில் 26 பேரைக் கொன்றார்கள். ஏறக்குறைய எல்லாக் கதவையும் மூடிவைத்திருந்த காலத்தில்தான் அது நடந்தது. அதற்கு மறுநாள், ஏற்கனவே முக்கால்வாசி மூடியிருந்த அட்டாரியை முழுதாக மூடினோம். மே 2 அன்று மூன்றாம் நாடு வழியாக வருவதையும் தடுத்தோம். கோபம் நியாயமானது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்தத் தூத்துக்குடி வீட்டு வாசலில் நின்று, "உங்கள் பிள்ளைக்காக உலர் பேரீச்சம்பழ வியாபாரத்தை நிறுத்தினோம், அதனால் இனி இப்படி நடக்காது" என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களால் முடியுமா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1971 போரின்போது தூதரக உறவு அறுந்தது. அந்தப் போரில் பாகிஸ்தான் பாதி நாட்டை இழந்தது, சுமார் 93,000 பேர் நம்மிடம் கைதிகளானார்கள். இடைக்காலத்தில் இரு தரப்பின் நலனையும் சுவிட்சர்லாந்து பார்த்துக்கொண்டது. அப்பேர்ப்பட்ட போருக்குப் பிறகு 1976 நடுவில் தூதர்கள் திரும்பிவிட்டார்கள், சம்ஜௌதா ரயிலும் அதே ஜூலையில் ஓடத் தொடங்கியது. ஐந்து வருடம்கூட ஆகவில்லை. இன்றைய இடைவெளி அதைத் தாண்டி எப்போதோ போய்விட்டது. ஒரு நாட்டையே இரண்டாகப் பிளந்த போருக்குப் பிறகு கூட இவ்வளவு காலம் நாம் பேசாமல் இருந்ததில்லை.

இதையெல்லாம் உங்கள் கட்சிகள் அறியாதவையும் அல்ல. 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் லாகூருக்குப் பேருந்தில் போனபோது அ.தி.மு.க. அவர் அமைச்சரவையில் இருந்தது. சில மாதங்களில் கார்கில் வந்தது. அந்தச் சண்டை நடந்த நாட்களிலும் அந்தப் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2001 டிசம்பரில் நீங்கள் உறுப்பினராக இருக்கும் அந்த நாடாளுமன்றமே தாக்கப்பட்டது. தூதரைத் திருப்பி அழைத்தார்கள், எல்லையில் படையைக் குவித்தார்கள். 2003 ஜூலையில் புதிய தூதர்கள் போனார்கள், பேருந்து மறுபடி ஓடியது, நவம்பரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கி ஓய்ந்தது. அந்த ஜூலையில் தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க. மூன்றும் ஆட்சியில் பங்கு வகித்தன. அதற்கு முந்தைய ஆண்டுவரை நாட்டின் வணிகத் துறையையே முரசொலி மாறன்தான் பார்த்தார். நாடாளுமன்றத் தாக்குதலுக்கும் தூதர் திரும்பியதற்கும் நடுவே இரண்டு வருடம்கூட இல்லை. அன்று உங்கள் தலைவர்கள் யாரும் இதைக் கோழைத்தனம் என்று சொல்லிப் பதவி விலகவில்லை. இன்று மட்டும் இந்தப் பேச்சு ஏன் தீண்டத்தகாததாக ஆனது?

2025 ஜூலையில், பஹல்காமுக்குப் பதிலடியாக மே மாதம் நாம் நடத்திய ஆபரேஷன் சிந்தூர் பற்றி இரு அவைகளிலும் மணிக்கணக்கில் விவாதித்தீர்கள். உளவுத் துறை எங்கே தவறியது, விமானம் விழுந்ததா இல்லையா, சண்டையை நிறுத்தியது டிரம்ப்பா இல்லையா என்றெல்லாம் கேட்டீர்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் இனி அந்த நாட்டோடு என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வி, நான் கேட்ட பேச்சுகளில், ஓரிரு வாக்கியத்துக்கு மேல் வளரவில்லை. என் மனக்குறை அங்கேதான் தொடங்கியது.

டிரம்ப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். சண்டையை நான்தான் நிறுத்தினேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நம் அரசு திரும்பத் திரும்ப மறுத்தது. மே 10 அன்று பிற்பகல் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் நம் இயக்குநரைத் தொலைபேசியில் கூப்பிட்டார், இரண்டு பேரும் பேசினார்கள், மாலை ஐந்து மணிக்குச் சண்டை நின்றது, நடுவில் யாரும் இல்லை. இதுதான் அரசின் நிலைப்பாடு. அதை நான் அப்படியே ஏற்கிறேன். நேராகப் பேசினால் காரியம் நடக்கும் என்பதற்கு அரசு தன் வாயாலேயே சாட்சி சொல்லியிருக்கிறது. 1972 சிம்லா ஒப்பந்தத்திலிருந்து நம் கொள்கையும் மூன்றாம் ஆள் வேண்டாம் என்பதுதான். மூன்றாம் ஆள் வேண்டாம் என்றால் இரண்டாம் ஆளோடு பேசியாக வேண்டும். தில்லிக்கும் இஸ்லாமாபாதுக்கும் நடுவே தூதர் இல்லாத வெற்றிடத்தில்தான் வாஷிங்டனும் ரியாதும் நாற்காலி போட்டு உட்காருகின்றன.

அதே மே மாதம் அரசு ஏழு நாடாளுமன்றக் குழுக்களை 33 நாடுகளுக்கு அனுப்பியது. அவற்றில் ஒன்றுக்கு உங்களில் ஒருவரான கனிமொழி தலைமை தாங்கி ரஷ்யா, ஸ்லோவேனியா, கிரீஸ், லாத்வியா, ஸ்பெயின் போய்வந்தார். நன்றாகவே பேசினார். யோசித்துப் பாருங்கள்: பாகிஸ்தானைப் பற்றி லாத்வியாவோடு பேசியிருக்கிறோம், பாகிஸ்தானோடு பேசவில்லை.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். ராமேசுவரம், நாகப்பட்டினம் படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்தால் அன்று மாலைக்குள் உங்கள் கடிதம் வெளியுறவு அமைச்சருக்குப் போய்விடும். அந்தக் கடிதத்துக்குப் பலன் உண்டா என்பது வேறு பேச்சு. ஆனால் கொழும்பில் நம் தூதர் இருக்கிறார், 2010இலிருந்து யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கிருந்து ஓர் அதிகாரி சிறைக்குப் போய் அந்த மீனவர்களைப் பார்த்து, வீட்டுக்குத் தகவல் சொல்ல ஏற்பாடு செய்கிறார். அந்த ஓர் ஆள் போய்ப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ராமநாதபுரம் உறுப்பினருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது போர்பந்தரையும் தியூவையும் நினைத்துக்கொள்ளுங்கள். சர் கிரீக் என்கிற உப்பங்கழிப் பக்கம் கடலில் கோடு எங்கே என்று இரு நாடும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மீன் போகிற பக்கம் படகு போகிறது, படகு போன பிறகு ஆள் கராச்சி மலிர் சிறைக்குப் போகிறான். 2025 ஜூலை 1 அன்று இரு நாடும் மாற்றிக்கொண்ட பட்டியலின்படி பாகிஸ்தான் சிறைகளில் 193 இந்திய மீனவர்கள் இருந்தார்கள். நம் சிறைகளில் அவர்களுடைய மீனவர்கள் 81 பேர். நம்மவர்களில் மீனவரும் மற்றவருமாக 159 பேர் தண்டனைக் காலம் முடிந்தும் உள்ளே இருக்கிறார்கள் என்று நம் அரசே சொல்லி விடுதலை கேட்டது. தண்டனை முடிந்த பிறகும் சிறை! இரு நாட்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளும் சேர்ந்து சிறைகளைப் பார்வையிட ஒரு கூட்டுக் குழு இருந்தது. அது பல ஆண்டுகளாகக் கூடவே இல்லை. கராச்சியில் நமக்கிருந்த துணைத் தூதரகம் 1994இல் மூடியதோடு சரி. முப்பது பேர் மட்டுமே உள்ள இஸ்லாமாபாத் அலுவலகத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கராச்சிச் சிறைக்கு ஓர் அதிகாரி எத்தனை முறை போய்வர முடியும்? நாகப்பட்டினத்துக்காரனின் வலி தெரிந்த நீங்கள் போர்பந்தர்க்காரனுக்காகப் பேசினால், நாளை நம் மீனவனுக்காக குஜராத் உறுப்பினர் எழுந்து நிற்கவும் வழி பிறக்கும். இதுவரை அப்படி ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது குறைவு.

இனி வணிகம். பாகிஸ்தானிடம் சரக்கு வாங்கி அந்த நாட்டை நாம் வாழவைத்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை தலைகீழ். கடைசியாக வழக்கமான வணிகம் நடந்த 2018–19இல் நாம் அவர்களுக்கு விற்றது சுமார் 206 கோடி டாலர், வாங்கியது சுமார் 50 கோடி டாலர். பருத்தி, ரசாயனம், மருந்து, காய்கறி என்று விற்றவர்கள் நாம். நிறுத்தியதால் யாருடைய கல்லா காலியானது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தடைகள் இல்லாவிட்டால் இந்த வணிகம் ஆண்டுக்கு 3,700 கோடி டாலர் வரை போகலாம் என்று உலக வங்கி 2018இல் கணித்தது. இத்தகைய கணிப்புகளை நான் முழுதாக நம்புவதில்லை, வங்கிகள் கனவு காணும்போது பூஜ்யங்களைத் தாராளமாகப் போடும். பாதியில் பாதி வந்தாலும் போதாதா?

அட்டாரியில் 2012இல் 120 ஏக்கரில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி கட்டினார்கள். அதை நம்பிப் பலர் வங்கிக் கடனில் லாரி வாங்கினார்கள். எடைமேடை, சரக்குக் கிடங்கு, சாலையோரச் சாப்பாட்டுக் கடை என்று எல்லாம் முளைத்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுமைதூக்கும் தொழிலாளர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அமிர்தசரஸிலிருந்து லாகூர் ஐம்பது கிலோமீட்டர்தான். அந்த ஐம்பது கிலோமீட்டரைக் கடக்க முடியாத சரக்கு துபாய்க்குக் கப்பலேறிப் போய், பெயர்ச்சீட்டு மாறி, கராச்சியில் இறங்கியது. கிரிக்கெட்டும் இப்போது அதே வழியில்தான் போகிறது. 2025 செப்டம்பரில் துபாய் மைதானத்தில் விளையாடிவிட்டுக் கைகுலுக்காமல் போனார்கள். விளையாட்டு வருமானம் வேண்டும், கை மட்டும் வேண்டாம். இந்த இரட்டை வேடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன என்று கேட்பவருக்கு நீலகிரியைக் காட்டுவேன். பாகிஸ்தான் உலகிலேயே அதிகமாகத் தேயிலை இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று. தென்னிந்தியத் தேயிலைக்கு அது நல்ல சந்தையாக இருந்தது, குன்னூர் ஏலத்தில் அங்கே அனுப்புவதற்கென்றே வாங்குவார்கள். இன்று அவர்கள் பெரும்பாலும் கென்யத் தேயிலை குடிக்கிறார்கள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுப் போராடும் சிறு விவசாயிகளைப் பற்றி நீலகிரி உறுப்பினர் அவையில் பேசும்போது, போன சந்தை திரும்ப என்ன வழி என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

அடுத்தது இருளர்கள். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் இந்தியாவில் பாம்புக்கடி மருந்தின் பெரும்பகுதி தயாராகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தோம். அந்த மருந்தைப் பாகிஸ்தானும் வாங்கி வந்தது. சிந்து வயலில் விரியன் கடித்தவனுக்கு நம் செங்கல்பட்டுப் பக்கத்துப் பாம்பின் நஞ்சிலிருந்து வந்த மருந்து போயிருக்கிறது. (வட்டாரத்துக்கு வட்டாரம் நஞ்சின் தன்மை மாறும், நம் மருந்து அங்கே அதே வேகத்தில் கேட்காது என்பதும் உண்மைதான், ஆனால் வேறு மருந்து கையில் இல்லாதவனிடம் அந்த நுணுக்கம் பேச முடியாது.) 2019இல் வணிகத்தை அறுத்த பாகிஸ்தான் ஒரே மாதத்தில் மருந்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அங்கே மாத்திரை செய்யத் தேவைப்படும் மூலப்பொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நம்மிடமிருந்து போனது. 2025இல் அந்த விலக்கும் கேள்விக்குள்ளானது.

மருத்துவ விசாவும் அப்படியே. 2024இல் கராச்சியிலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணுக்குச் சென்னை மருத்துவமனை ஒன்றில் இதய மாற்று சிகிச்சை நடந்தது. தில்லியில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் அது. செலவை நம் ஊர் அறக்கட்டளையும் மருத்துவர்களும் ஏற்றார்கள். ஒரு வருடம் கழித்து ஏப்ரலில் மருத்துவ விசாக்கள் எல்லாம் ரத்தாயின, சிகிச்சைக்கு வந்த குழந்தைகளைக்கூடப் பாதியில் திருப்பி அனுப்பினோம். சென்னையை மருத்துவத் தலைநகர் என்று மேடைதோறும் சொல்லும் நீங்கள் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2019 ஜூன் கடைசியில் அட்டாரி சாவடிக்கு வந்த இந்துப்பு மூட்டைகளுக்குள் 532 கிலோ ஹெராயின் பிடிபட்டது. நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் அதே இந்துப்பு; அப்போது அதன் பெரும்பகுதி பாகிஸ்தானிலிருந்து வந்தது. வாசலைத் திறந்தால் விஷம் வரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்பார்கள். ஆனால் அதைப் பிடித்தவர்கள் யார்? அந்த வாசலில் நின்ற நம் சுங்க அதிகாரிகள். வாசல் மூடிய பிறகு போதைப்பொருள் ட்ரோனில் பறந்து வருகிறது. பஞ்சாப் எல்லையில் 2024இல் மட்டும் எல்லைப் பாதுகாப்புப் படை 300க்கு நெருக்கமான ட்ரோன்களைப் பிடித்தது. சுங்க அதிகாரி உட்கார்ந்திருக்கும் வாசலைச் சாத்திவிட்டு, கடத்தல்காரனை வானத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பாகிஸ்தான் தரப்பின் தவறுகளுக்கும் நான் சாமரம் வீசவில்லை. நாம் 1996இல் கொடுத்த வணிகத் தகுதியை அவர்கள் கடைசிவரை நமக்குத் திருப்பித் தரவில்லை. 2021 பிப்ரவரியில் எல்லையில் அமைதி திரும்பியதும், மார்ச் 31 அன்று அவர்களுடைய பொருளாதாரக் குழு இந்தியச் சர்க்கரையையும் பருத்தியையும் வாங்கலாம் என்றது. மறுநாளே அமைச்சரவை அதைத் தள்ளிவிட்டது. 2022 வெள்ளத்தில் வெங்காயம், தக்காளி விலை ஏறியபோதும் இந்தியாவிலிருந்து வாங்கலாமா என்று யோசித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அங்கே வணிகம் வேண்டும் என்கிற ஒரு கூட்டம் உண்டு: பைசலாபாத் ஆலைக்காரர், லாகூர் வியாபாரி, விலைவாசியில் அவதிப்படும் குடும்பம். வேண்டாம் என்கிற கூட்டம் சீருடையில் இருக்கிறது. நாமும் கதவை இழுத்துச் சாத்தினால் முதல் கூட்டத்துக்குக் குரல் அற்றுப்போகும், இரண்டாவது கூட்டத்துக்கு வேலை சுலபமாகும். அந்த ராணுவத் தளபதிகளுக்கு நாம் ஏன் இந்த உதவியைச் செய்ய வேண்டும்?

சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜூனில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரத்துக்காரர். பெய்ஜிங்கிலிருந்து நம் தூதரைத் திருப்பி அழைத்தோமா? இல்லை. 2024–25இல் சீனாவுடனான நம் வணிகப் பற்றாக்குறை மட்டும் சுமார் 9,900 கோடி டாலர். 2025இல் கைலாச யாத்திரை மறுபடி தொடங்கியது, நேரடி விமானம் பறந்தது, நாதுலா வழியே எல்லை வணிகத்துக்கும் ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு மே மாதச் சண்டையில் பாகிஸ்தானுக்குச் சீனா களத் தகவல் கொடுத்து உதவியதாக நம் ராணுவத் துணைத் தளபதியே சொன்னார். சீனாவோடு இப்படிச் செய்தது சரி என்றே நினைக்கிறேன். எல்லையில் விறைப்பாக நின்றுகொண்டே தூதரகத்தையும் சந்தையையும் நடத்த நமக்குத் தெரியும். தெரிந்த வித்தையை மேற்கு எல்லையில் காட்டத் தயங்குவது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

நாமே அவ்வப்போது காட்டியும் இருக்கிறோம். எல்லா உறவும் அறுந்து மூன்றே மாதத்தில், 2019 நவம்பர் 9 அன்று, சீக்கிய யாத்திரிகர்களுக்கான கர்தார்பூர் பாதையை இரு நாடும் திறந்தன. 2022இல் ஆப்கானிஸ்தானுக்கு நாம் கொடுத்த கோதுமை அட்டாரி–வாகா வழியாகவே போனது. 2025 மே மாதம், சண்டை ஓய்ந்த சில நாட்களில், ஆப்கன் சரக்கோடு காத்திருந்த 160 லாரிகளை உள்ளே விட்டோம். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று அணுசக்தி நிலையங்களின் பட்டியலை 1992இலிருந்து தவறாமல் மாற்றிக்கொள்கிறோம். மனம் இருந்தால் அந்த வாசல் திறக்கும்.

திறக்கும் விதத்திலும் எச்சரிக்கை வேண்டும். எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் இருபது வருடப் பகைக்குப் பிறகு 2018இல் கட்டித் தழுவிக்கொண்டன, எல்லையைத் திறந்தன. மக்கள் ஆடிப்பாடிக் கடந்து போனார்கள். சுங்கம் எவ்வளவு, எந்த நாணயம், என்ன கடவுச்சீட்டு என்று ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. சில மாதங்களில் எல்லைச் சாவடிகள் ஒவ்வொன்றாக மறுபடி மூடிக்கொண்டன. எனக்கு அந்த மாதிரித் தழுவல் வேண்டாம். தலைவர்கள் பேருந்தில் போவதும் வேண்டாம், மாம்பழமும் சேலையும் பரிமாறுவதும் வேண்டாம். சலிப்பூட்டும் அளவுக்குச் சின்னச் சின்ன வேலைகள் போதும். சிந்து நதி நீரைப் பற்றி இந்த மடலில் எழுதவில்லை, அது தனி வழக்கு. காவிரியில் அரை நூற்றாண்டு பார்த்த உங்களுக்கு அதன் கனம் தெரியும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். கட்சிக்கு ஓர் ஆளாவது சேர்ந்து, ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, வெளியுறவுக்கான நிலைக்குழுவும் வணிகத்துக்கான நிலைக்குழுவும் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று கேளுங்கள். 2019க்குப் பிறகு வணிகத்தை நிறுத்தியதால் என்ன கிடைத்தது, யாருக்கு எவ்வளவு இழப்பு என்று அரசு அந்தக் குழுக்களிடம் கணக்குக் காட்டட்டும். அமிர்தசரஸ் லாரிக்காரரையும் குன்னூர் விவசாயியையும் புல்வாமாவில் மகனை இழந்த குடும்பத்தையும் அந்தக் குழு கூப்பிட்டுக் கேட்கட்டும். அந்தக் குடும்பம் வேண்டாம் என்று சொன்னால் அதுவும் அறிக்கையில் ஏறட்டும்.

அறிக்கைக்குக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. தூதர்களை மறுபடி அமர்த்துவது பரிசும் அல்ல, மன்னிப்பும் அல்ல; நம் ஆளை நமக்காக அங்கே வைப்பது. அதை வெளியுறவு அமைச்சரிடம் நேரடியாகக் கேளுங்கள். மருந்தையும் மருந்து மூலப்பொருளையும் தடையிலிருந்து விலக்கச் சொல்லுங்கள். மருத்துவ விசாவைத் திறக்கச் சொல்லுங்கள், பாதுகாப்புச் சோதனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி. நீதிபதிகள் குழுவைக் கூட்டி, தண்டனை முடிந்த மீனவர்களை இரு பக்கமும் விடச் சொல்லுங்கள். அட்டாரியில் குறைந்த பட்டியலோடு, லாரியை முழுதாக ஊடுருவிப் பார்க்கும் கருவிகளோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யும் விதியோடு சரக்குப் போக்குவரத்தைத் தொடங்க முடியுமா என்று வணிக அமைச்சரிடம் கேளுங்கள். மறுபடி ஒரு தாக்குதல் நடந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கச் சொல்லுங்கள்: எதை நிறுத்துவோம், எதை எந்நாளும் நிறுத்த மாட்டோம் என்று. தூதரும் மருந்தும் அந்த இரண்டாவது வரிசையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தேசத்துரோகி என்று ஒருவர் உங்களைச் சொல்லத்தான் செய்வார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மக்களவையில் கேள்வி கொடுக்கக் குறைந்தது முழுதாகப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். அடுத்த கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்டதும் முதல் கேள்வியை மீனவர்களைப் பற்றிக் கொடுங்கள், அதை யாராலும் மறுக்க முடியாது. இரண்டாவதை மருந்தைப் பற்றி. தூதரைப் பற்றியதை நட்சத்திரக் கேள்வியாகவே கொடுங்கள், அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நீலகிரி, ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் உறுப்பினர்கள் முதலில் கையெழுத்திட்டால் மற்றவர்கள் பின்னால் வருவது சுலபம் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவன்